குடியை விட்டவருக்கும் சாமி முன்னால் இடம் உண்டு

குடியை நிறுத்திய முதல் மாதங்களில் பலரை வாட்டுவது வெட்கம். விசேஷ வீட்டுக்குப் போகக் கூச்சம். பிள்ளைகளின் முகம் பார்க்கத் தயக்கம். ‘இவ்வளவும் செய்துவிட்டுச் சாமி முன்னால் நிற்க எனக்கென்ன அருகதை?’ என்று ஒதுங்குகிறார்கள். அந்தத் தனிமையே மறுபடி குடிக்க வைக்கிறது.

இந்தத் தனிமையை உடைக்க ஒரு வழி உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு. அதன் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. எல்லாவற்றையும் கேட்ட பிறகும் எதிரில் இருப்பவர் எழுந்து போகாதபோது, கடவுளும் தன்னைக் கைவிடவில்லை என்ற நம்பிக்கை துளிர்க்கிறது. இந்த அமைப்பில் சேரக் கட்டணமில்லை. குடியை விடும் விருப்பம் போதும். சென்னையிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

எச்சரிக்கை

மாலை போட்டோ கோயிலில் கயிறு கட்டியோ குடியை விடுபவரின் உறுதி மதிக்கத்தக்கது. ஆனால் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். விரதம் முடிந்து சறுக்கினால், சாமி குத்தம் என்று ஒளியாமல் உடனே சிகிச்சைக்குத் திரும்புங்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் அவர் சாப்பாட்டில் மருந்து கலப்பதும் ஆபத்து.

உரிமைகள்

2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி தர்கா அருகே, காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநலப் பாதிப்புகளும் இச்சட்டத்தில் அடங்கும். அரசு மனநல சிகிச்சை பெறுவதும், நோய் விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதும் உங்கள் உரிமை. பிரார்த்தனையின் பெயரால் அடிப்பவர்களுக்கும் பூட்டி வைப்பவர்களுக்கும் பணியாதீர்கள்.

எங்கே போவது?

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416 எண்களை அழைக்கலாம். உரிமை மீறப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள்.

கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மீண்டு வருபவருக்கு அறிவுரையோடு ஒரு பொறுப்பும் கொடுங்கள். அன்னதானத்தில் பரிமாறச் சொல்லுங்கள். திருவிழா வேலையை நம்பி ஒப்படையுங்கள். பத்துப் பேர் தன்னை நம்புவதைக் கண்டால், தனக்கும் அருகதை உண்டென்று அவர் நம்பத் தொடங்குவார்.