மலிவு விலைக் கடை: மிஞ்சுவது எவ்வளவு?

"ஜேர்மனியில இருக்கிற என்ரை தம்பி கிழமைச் சாமான் முழுக்க 'அல்டி' எண்ட கடையிலதான் வாங்கிறவன். அரைவாசிக் காசு மிச்சமாம். நாங்களும் ஊர்க்கடையை விட்டிட்டு ரவுணுக்குப் போய் சுப்பர் மார்க்கற்றில வாங்கினால் என்ன?"

மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. சிறிய கேள்வி போலத் தோன்றினாலும், ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையோடு தொடர்புடைய கேள்வி. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்தது. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எனவே இக்கேள்வியை நாம் கவனமாக ஆராய வேண்டும்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

ஜேர்மனியின் எசன் நகரில் 1913ஆம் ஆண்டில் அல்பிறெக்ற் குடும்பம் ஒரு சிறிய கடையை நடத்தத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அக்குடும்பத்தின் புதல்வர்களான கார்ல், தியோ என்னும் சகோதரர்கள் அதனைப் பொறுப்பேற்றனர். போரினால் நொந்துபோன மக்களிடம் பணம் இல்லை. கடையை அலங்கரிக்கச் சகோதரர்களிடமும் முதல் இல்லை. ஆகவே, மக்களுக்கு அன்றாடம் தேவையான சில பொருட்களை மட்டும் மிகக் குறைந்த இலாபத்தில் விற்றனர். 'அல்பிறெக்ற் டிஸ்கவுண்ட்' என்பதன் சுருக்கமே 1962இல் அறிமுகமான 'அல்டி' என்ற பெயர். 'லிடில்' என்பது இதே வழியில் பின்னர் வளர்ந்த மற்றொரு ஜேர்மன் நிறுவனம்.

இக்கடைகளின் மலிவில் மந்திரம் ஒன்றுமில்லை. பெரிய சுப்பர் மார்க்கற் ஒன்றில் பல்லாயிரக்கணக்கான பொருள் வகைகள் இருக்கும். அல்டியிலோ ஏறத்தாழ 2,000 வகைகளே உண்டு. பத்து வகைச் சவர்க்காரத்துக்குப் பதிலாக இரண்டு வகையை மட்டும் விற்பவர், அந்த இரண்டையும் பெருந்தொகையாக வாங்கலாம். உற்பத்தியாளரிடம் விலை பேசலாம். பொருட்கள் வந்த பெட்டியோடேயே தட்டில் வைக்கப்படுகின்றன. ஊழியர் தொகை குறைவு. வாங்குபவர் தமது பையைத் தாமே நிரப்ப வேண்டும். தள்ளுவண்டியை எடுப்பதற்கு நாணயம் ஒன்றைச் செருக வேண்டும். வண்டியை உரிய இடத்தில் திருப்பி விட்டால்தான் நாணயம் கிடைக்கும். ஆகவே வண்டிகளைச் சேர்க்க ஓர் ஆளும் தேவையில்லை. விற்கப்படும் பொருட்களிற் பெரும்பாலானவை கடையின் சொந்தப் பெயரில் வருவன; அவற்றின் விலையில் பெரிய விளம்பரச் செலவு சேர்வதில்லை.

மிச்சம் உண்மையானதா?

உண்மையானதே. பிரித்தானியாவில் 1990இல் அல்டியும் 1994இல் லிடிலும் கால் பதித்தன. அங்குள்ள 'விச்?' என்னும் நுகர்வோர் அமைப்பு ஒரே வகைப் பொருட்களின் விலைகளை மாதந்தோறும் கடைக்குக் கடை ஒப்பிட்டு வெளியிடுகிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மிக மலிவான கடையாக அல்டியே அதில் இடம்பெற்றது.

ஆனால் 'அரைவாசி' என்ற கதையைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். விலை கூடிய கடையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஏனைய பெரிய கடைகளோடு ஒப்பிட்டால் அது வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. மேலும், பெயர்பெற்ற கம்பனியின் பொருளை விட்டு, கடையின் சொந்தப் பெயர்ப் பொருளுக்கு மாறுவதாலேயே மிச்சத்தின் ஒரு பெரும்பகுதி கிடைக்கிறது. அந்த மாற்றத்தை வேறு கடையிலும் செய்யலாம். 2020ஆம் ஆண்டிலிருந்து 'ரெஸ்கோ' போன்ற பெரிய கடைகளும் குறிப்பிட்ட சில பொருட்களை அல்டியின் விலைக்கே விற்கத் தொடங்கின.

அதோடு, சேமித்த பணம் ஒழுகிப்போகும் ஓட்டைகளும் உண்டு. அல்டி, லிடில் கடைகளின் நடுப்பகுதியில் கிழமைக்குக் கிழமை புதிது புதிதாக உடுப்பு, வேலைக் கருவிகள், விளையாட்டுப் பொருட்கள் குவிக்கப்படும். பால் வாங்கப் போனவர் துளையிடும் கருவியோடு வீடு திரும்புவார். தேவையான எல்லாம் அங்கு கிடைக்காததால் இன்னொரு கடைக்கும் போக வேண்டி வரும். மலிவென்று கூடுதலாக வாங்கியது பழுதாகிக் குப்பைக்குப் போகும்.

மலிவுக்கு விலை கொடுப்பவர் யார்?

நாம் வாங்குவோர் மாத்திரமல்ல, விளைவிப்போருமாவோம். ஆகவே மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டு ஜேர்மனியப் பால் பண்ணையாளர்கள், கிடைக்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்று பாலை விநியோகிக்க மறுத்துப் போராடினர். 2020ஆம் ஆண்டின் இறுதியிலும் விவசாயிகள் தமது உழவு இயந்திரங்களைக் கொண்டு இத்தகைய கடைகளின் களஞ்சியங்களை மறித்தனர். கடையின் சிக்கனத்தால் வரும் மலிவு நல்லது. உற்பத்தியாளனின் வயிற்றில் அடித்து வரும் மலிவு நல்லதல்ல.

எமது ஊர்க் கணக்கு

எமது நகரங்களில் உள்ள சுப்பர் மார்க்கற்றுகள் அல்டி போன்றவையல்ல. குளிரூட்டிய மண்டபம், பல வகைப் பொருட்கள், அழகான அடுக்குகள் என்பவற்றின் செலவும் அங்கே உண்டு. சில பொருட்கள் அங்கே மலிவு. சில சந்தையில் மலிவு. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் கணக்கைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஓர் உதாரணம்: ஒரு கிழமைச் சாமான் ஊர்க்கடையில் 6,000 ரூபா, நகரில் 5,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500. போகவர பஸ் கட்டணம் 200 போனால் 300. போன இடத்தில் பிள்ளைக்குப் பிஸ்கற்றும் சோடாவும் வாங்கினால் 450. இப்போது 150 ரூபா நட்டம்! அரைநாள் கூலி இழந்திருந்தால் நட்டம் இன்னும் பெரிது.

ஊர்க்கடை எமக்குத் தரும் இன்னொன்றும் உண்டு. அதுதான் கடன் கொப்பி. மழைக்காலத்தில் வேலையில்லாதபோதும், வீட்டில் நோய் வந்தபோதும் அடுப்பெரிய உதவுவது அதுவே. அந்தக் கடனின் செலவும் கடை விலையில் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கையில் காசுள்ள நாளில் நகரத்துக்கும், காசில்லாத நாளில் ஊர்க்கடைக்கும் எல்லோரும் போனால், அக்கடை அதிக நாள் நிலைக்காது. மூடப்பட்டால் முதலில் தவிப்போர் முதியோரும், பஸ்ஸுக்குக் காசில்லாதோருமே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பட்டியல் எழுதி அதன்படி வாங்குதல். வயிறு நிறைந்த பின் கடைக்குப் போவதும் நல்லது. பசித்தவன் கை எதையும் எடுக்கும்.

இரண்டாவது, பைக்கற் விலையை அல்ல, கிலோ விலையைப் பார்த்தல். 50 கிராம் தேயிலை 120 ரூபா என்றால் கிலோ 2,400 ரூபா. 400 கிராம் 800 ரூபா என்றால் கிலோ 2,000 ரூபா. சில வேளைகளில் பெரிய பைக்கற்றே விலை கூடியதாகவும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்க்க வேண்டும். பாடசாலைப் பிள்ளையிடம் இக்கணக்கைக் கொடுங்கள். அவருக்கும் அது படிப்பாகும்.

மூன்றாவது, பைக்கற்றில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

நான்காவது, சேர்ந்து வாங்குதல். பத்துக் குடும்பங்கள் மாதம் 5 கிலோ பருப்பு வீதம் வாங்கினால் 50 கிலோ. அதனை மொத்தக் கடையில் மூடையாக வாங்கிப் பங்கிட்டால், போக்குவரத்துச் செலவும் பத்தாகப் பிரிகிறது. காசு முன்கூட்டியே சேர வேண்டும். நிறுப்பது எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும். கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் பருப்போடு உறவும் கெட்டுப்போகும்.

இது புதிய யோசனையன்று. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் சாதாரண தொழிலாளர் சிலர் தமது சிறு சேமிப்பைச் சேர்த்து, மா, சீனி, வெண்ணெய் போன்ற ஒருசில பொருட்களோடு ஒரு கடையைத் திறந்தனர். எமது சங்கக் கடைகளின் மூதாதை அதுவே. சில பொருட்கள், காசுக்கு விற்பனை, வீண் செலவின்மை என்ற அல்டியின் இரகசியம் அவர்களிடமும் இருந்தது. ஒரே வேறுபாடு: அங்கே மிஞ்சிய இலாபம் வாங்கியவர்களுக்கே திரும்பி வந்தது.

கேள்வி கேட்ட அத்தாய்க்கு எமது பதில் இதுதான்: தம்பி சொன்னது பொய்யல்ல. ஆனால் அவருக்கு மிச்சம் தருவது கடையின் பெயரல்ல, அதன் ஒழுங்கு. அந்த ஒழுங்கை அடுத்த கூட்டத்திலேயே, பத்துக் குடும்பங்களோடும் ஒரு தராசோடும், எமது ஊரில் தொடங்கிப் பார்ப்போமா?