முழுப் பேரு நோவு

பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கமுடியாத வலி. உலகம் முழுக்கப் புற்றுநோய் வார்டுகளில் கேட்கிற கேள்விதான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் கொழுந்து பறித்த என் அம்மாயியிடமும் கேட்டார்கள். சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அம்மாயி யோசித்துவிட்டு, "முழுப் பேரு" என்றாள்.

சொன்ன கிலோவைப் பறித்தால் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, போடுவார்கள், குறைந்தால் அரைப் பேர். இதை நர்ஸ் மிஸ்ஸிக்கு எப்படி விளக்க? "தஹயய்" என்றேன். பத்து.

அந்த எண்ணில் பெரிய தப்பில்லை. தப்பு அடுத்த கேள்வியில் நடந்தது. "கன்னம் எரியுதுடி. காதுக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குது" என்றாள். பதினாறு வயதில் எனக்குத் தெரிந்த சிங்களம் "ரிதெனவா" மட்டும்தான். வலிக்குது. எரிச்சலுக்கு "தெவில்ல" என்று தனிச்சொல் இருப்பது பிறகுதான் தெரிந்தது. எரிவதும் கரண்ட் அடிப்பதும் நரம்பு வலியின் அடையாளம். அதற்கு மார்பின் மட்டும் பல வேளை போதாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையைச் சிறிய அளவில் இரவில் சேர்ப்பார்கள். நான் விழுங்கிய இரண்டு சொற்களால் அந்த மாத்திரை சில வாரம் பிந்தியது.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போடுகிற தோட்டத்துப் பெண்களையும் அது விடுவதில்லை. குணமாக்க முடியாத கட்டத்திலும் வலியையும் மூச்சுத்திணறலையும் பயத்தையும் குறைப்பதுதான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடம்போடு நிற்பதில்லை, மனசையும் குடும்பத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தது என்றார். அந்த வலியைச் சொல்லப் பாஷை வேண்டாமா? 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அம்மாயியின் மருந்து உறைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அதனால் நடந்தது இது. மார்பினை வலி வந்தபின் அல்ல, நேரம் தவறாமல் கொடுக்கவேண்டும். முடிந்தவரை வாய்வழியாக. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே சொன்ன முறை. அம்மாவோ, "அபின்டி அது, பழகிரும்" என்று மாத்திரையை அலுமாரிக்கு மேலே ஒளித்துவைத்து, கிழவி அழும்போது மட்டும் எடுத்தாள். மார்பின் மலச்சிக்கல் கொடுக்கும், முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து வேண்டும் என்பதையும் யாரும் தமிழில் சொல்லவில்லை. லயத்துக் கக்கூசு மேட்டுக்குக் கீழே இருக்கிறது. அந்தப் படிகளில் அவளைத் தாங்கிக்கொண்டு எத்தனை தடவை வெறுமனே ஏறி இறங்கினோம்!

இன்னொன்று. எங்கள் பக்கம் "மகரகமவுக்கு எழுதிட்டாங்க" என்றால் வியாதியின் பெயர் சொல்லத் தேவையில்லை. மகரகமவில் இருக்கிற அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இப்போது 'அபேக்ஷா' என்று பெயர், எதிர்பார்ப்பு என்று அர்த்தம். பழைய பயம் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. "அம்மாயிகிட்ட சொல்லிறாத" என்றாள் அம்மா. டாக்டர் சொன்னதோ வேறு. இரண்டுக்கும் நடுவே நான், "வாய்ப்புண்ணு, ஆற நாளாகும்" என்றேன். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைக்கக் கூடாது என்று நான் சண்டைபோடுவது இதனால்தான். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம், யார் முன்னால் பேசலாம் என்பதை நோயாளியிடமே, அவர் பாஷையில், முதலில் கேட்கவேண்டும். அம்மாயியிடம் யாரும் கேட்கவில்லை. அவள்தான் ஒருநாள் என்னைக் கேட்டாள்: "மகரகமதானே?"

கடைசியில் தமிழ் தெரிந்த அட்டெண்டன்ட் ஒருவர் கட்டில் பக்கம் வந்து, "எரியுதா ஆத்தா, குத்துதா, குடையுதா?" என்று கேட்டார். அம்மாயி கால்மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். அன்றைக்குத்தான் இராத்திரி மாத்திரை எழுதினார்கள். லயத்துக்கு வந்து பத்து நாள் போனபின், விடியற்காலையில் நோவு எப்படி என்றேன்.

"அரைப் பேருதான்டி" என்றவள், வெத்தலை இடிக்கிற உரலைத் தேடினாள்.