மரவேலைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுமுன்...

அல்சூரில் ஓர் ஓட்டு வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஆறடிக்கு எட்டடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பொதுத் துறைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், காலைக் காபி முடிந்ததும் அதற்குள் நுழைந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். அவருடைய தந்தை வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பெங்களூர் வந்து தச்சு வேலை செய்தவர். தந்தையின் இழைப்புளியும் நான்கு உளிகளும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. தொழில் மட்டும் கைமாறவில்லை. "இந்தக் கஷ்டம் என்னோடு போகட்டும்" என்று மகனைப் படிக்க வைத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார் அவர்.

அறுபது வயதுக்கு மேல் அந்த உளிகளைக் கையில் எடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அக்கம்பக்கத்துத் தச்சர்கள் பிளைவுட்டை அறுத்து மைக்கா ஒட்டுவதில் கெட்டிக்காரர்கள், துளையும் முளையும் போட்டு நாற்காலி செய்யக் கேட்டால், "அதெல்லாம் இப்போ யார் சார் செய்யறாங்க?" என்கிறார்கள். "ஏதாவது மரவேலைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்களேன் அப்பா" என்றாள் மகள். கட்டினார். ஓராண்டுச் சந்தா வீணாயிற்று.

பத்திரிகையில் குறை ஒன்றுமில்லை. அது தொழிலதிபர்களுக்கானது. பலகையின் ஓரத்துக்குப் பட்டை ஒட்டும் எந்திரம், கணினி சொன்னபடி வெட்டும் எந்திரம், இறக்குமதித் தீர்வை, கண்காட்சிச் செய்திகள் என்று பக்கங்கள் நிரம்பியிருந்தன. பெங்களூரில் நடக்கும் 'இந்தியாவுட்' கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் எவ்வளவு பெரிது என்று தெரியும். மாடுலர் கிச்சன் பட்டறை வைத்திருப்பவருக்கு அத்தகைய பத்திரிகை முதலீடு. உளியைத் தீட்டத் தெரியாமல் விழிப்பவருக்கு அது பழைய காகிதம். சந்தா கட்டுமுன் ஓர் இதழின் பொருளடக்கத்தைப் படித்திருந்தாலே இது விளங்கியிருக்கும்.

கைவேலை செய்பவருக்கான பத்திரிகைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகின்றன. 'ஃபைன் உட்ஒர்க்கிங்' 1975-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் பால் ரோமன் என்பவர் தொடங்கியது. முதலில் கறுப்பு வெள்ளையில், மூன்று மாதத்துக்கு ஒன்றாக வந்தது. ஓர் இணைப்பு ஏன் பிடிக்கிறது, ஏன் விடுகிறது என்று காரணம் சொல்வது இதன் வழக்கம். 1979-ல் ஐயோவா மாநிலத்தில் டான் பெஷ்கே தொடங்கிய 'உட்ஸ்மித்' வேறு ரகம். பல்லாண்டுக் காலம் விளம்பரமே ஏற்காமல், அளவுகளுடன் கூடிய வரைபடங்களைப் படிப்படியாகக் கொடுத்து வளர்ந்தது. 2016-ல் மெய்ன் மாநிலத்திலிருந்து வரத் தொடங்கிய 'மார்ட்டிஸ் அண்ட் டெனன்' ஆண்டுக்கு இரண்டே இதழ். மின்சாரம் இல்லாத காலத்துக் கைக்கருவிகளே அதற்கு எல்லாம்.

செய்து முடித்த பொருள் வேண்டுமென்பவருக்கு வரைபடப் பத்திரிகை ஏற்றது. அல்சூர்க்காரரைப் போல, கருவி இருந்து வித்தை இல்லாதவருக்குக் காரணம் சொல்லும் பத்திரிகைதான் பயன்படும். வரைபடம் அமெரிக்க மரக்கடையை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. பெங்களூரில் அது அப்படியே செல்லாது.

ஓக் கேட்டால் ஓக் வராது

அமெரிக்கப் பத்திரிகையில் பக்கத்துக்குப் பக்கம் ஓக் மரம். மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட்டுக்குப் போய் ஓக் கேட்டால், 'சில்வர் ஓக்' கிடைக்கலாம். குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டத்து நிழலுக்காக வளர்க்கும் மரம் அது. பூர்வீகம் ஆஸ்திரேலியா. உண்மையான ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. பெயரை நம்பி வாங்கிச் சாப்பாட்டு மேஜை செய்தவர் பத்திரிகையைத் திட்டிப் பயனில்லை.

அளவும் அப்படித்தான். அவர்கள் மரத்தை 'போர்டு ஃபுட்' கணக்கில் சொல்வார்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகை அது. பன்னிரண்டு சேர்ந்தால் நம் மரக்கடையின் ஒரு கன அடி. வேலை மேஜை ஒன்றுக்கு 60 என்று போட்டிருந்தால் இங்கே 5 கன அடி கேட்க வேண்டும். கழிவுக்கு மேலும் கொஞ்சம். பிளைவுட் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் 18 அல்லது 19. படத்தைப் பார்த்துக் காடியை வெட்டிவிட்டு 18 மில்லிமீட்டர் பலகையைச் சொருகினால் லொடலொடவென்று ஆடும். அங்கிருந்து ஆசைப்பட்டு எந்திரம் தருவிப்பவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மேஜை சென்னைக்குப் போனால்

எல்லாவற்றையும்விட முக்கியமானது மரம் ஈரத்தைக் குடித்து உப்புவதும், உலர்ந்து சுருங்குவதும். நீளவாட்டில் மரம் அனேகமாக அசையாது, அகலவாட்டில்தான் அசையும். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் வெள்ளை ஓக் ஏறக்குறைய 10.5 சதவீதம் சுருங்கும். கடின மேப்பிளும் 10-ஐ ஒட்டித்தான். தேக்கு 5 அல்லது 6 சதவீதத்தோடு நின்றுவிடும். நம் பெரியவர்கள் தேக்கை விரும்பியது செல்வாக்கைக் காட்ட மட்டுமல்ல.

பத்திரிகையில் 'இவ்வளவு இடைவெளி விடுக' என்று வரும் கணக்கு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக் காற்றை உலர்த்தும் நாட்டுக்கும், அந்நாட்டு மரத்துக்கும் உரியது. பெங்களூரில் மார்ச் மாதக் காற்று வறண்டது. ஆடி தொடங்கி ஐப்பசி வரை ஈரம். இங்கே மார்ச்சில் இறுக்கமாகப் பொருத்திய மேஜை, சென்னையில் மகள் வீட்டுக்குச் சீராகப் போய்ச் சேர்ந்தால், கடற்காற்றில் உப்பி இணைப்பைப் பிளக்கும். மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயமே (ஐ.எஸ். 287) நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்துத்தான் அளவு சொல்கிறது. பழைய தேக்குக் கதவுகளைப் பாருங்கள். நடுப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டியிருக்க மாட்டார்கள்; காடிக்குள் சும்மா நிற்கும். அது ஏன் என்பதை விளக்கும் பத்திரிகை எந்த ஊரிலிருந்து வந்தாலும் வாங்கலாம்.

வேங்கையும் மருதும் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்தப் பத்திரிகைகள் சொல்லா. அதற்கு மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938-ல் மைசூர் சமஸ்தானத்தின் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. இந்திய மரங்களின் குணங்களை ஆராய்வது அதன் வேலை. மாறாக, வெளிநாட்டுப் பத்திரிகை வானளாவப் புகழும் 'ஷெல்லாக்' நம் அவலரக்குதான். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் விளைவது. பழைய பாலிஷ்காரர் ஸ்பிரிட்டில் கரைத்துப் புட்டியில் வைத்திருந்த சரக்கு. சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்கை அழுத்தி வண்ணம் ஏற்றுவதைப் பார்த்தவருக்கு, இதற்கென்று பளபளப்பான பக்கங்கள் தேவைப்படாது.

படங்களை நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. வட்ட ரம்பத்தின் பாதுகாப்பு மூடியை, படம் தெளிவாக விழுவதற்காகக் கழற்றிவிட்டு எடுப்பார்கள். அப்படிக் கழற்றியதை ஒரு மூலையில் சிறிய எழுத்தில் சொல்வார்கள். ஆசிரியரின்றிப் படம் பார்த்துக் கற்பவர் சிறிய எழுத்தைப் படிப்பதில்லை. மூடியோடு படம் போடும் பத்திரிகைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். விரல் போனபின் சந்தா எதற்கு?

பணம் கட்டும் முறை பற்றி ஒரு வார்த்தை. மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். 'ஷாப்நோட்ஸ்', 'அமெரிக்கன் உட்ஒர்க்கர்' என்ற இரண்டு நல்ல பத்திரிகைகள் 2014-ல் நின்றுபோயின. 'பாப்புலர் உட்ஒர்க்கிங்' ஏட்டை நடத்திய நிறுவனம் 2019-ல் திவாலானது. ஏடு வேறு கைக்குப் போய்ப் பிழைத்தது. ஓராண்டுக்கு மேல் கட்டுவது புத்திசாலித்தனமல்ல. அச்சு இதழ் கடல் கடந்து வரும் தபால் செலவு சில சமயம் சந்தாவையே மிஞ்சும். கணினியில் படிக்கும் சந்தா மலிவு. பழைய இதழ்களும் அதில் திறக்குமானால் அதுவே பெரிய லாபம், ஏனென்றால் உளி தீட்டும் வித்தை நாற்பது ஆண்டில் மாறிவிடவில்லை. தவணை முடிந்ததும் கேளாமலே அட்டையிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

அல்சூர்க்காரர் இரண்டாம் முறை தனி இதழ் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் வைத்துப் படித்தபின்தான் ஓராண்டுக்குக் கட்டினார். பத்திரிகை ஓக்கில் செய்யச் சொன்ன முக்காலியை அவர் பழைய வீட்டு உத்தரத்துத் தேக்கில் செய்துகொண்டிருக்கிறார். ஓரங்களில் பென்சிலால் மில்லிமீட்டர்க் கணக்கு எழுதிய தாள்கள் கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன. தந்தையின் இழைப்புளி அலகைத் தீட்ட மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. இப்போது அது வெங்காயத் தோல் போலச் சீவுகிறது. சந்தா மார்ச்சில் முடிகிறது. புதுப்பிப்பதா என்று மகள் கேட்டால், "முதலில் முக்காலி நிற்கட்டும்" என்கிறார்.