சாயங்காலம் மட்டும் புகையும் அடுப்பு

கீழவைப்பாரில் சித்தி வீட்டு விறகடுப்பு காலையில் ஒழுங்காக எரியும். மதியத்துக்கு மேல் புகை முழுக்க அடுக்களைக்குள்தான். "கொண்டல் கிளம்புனா திருப்பி ஊதிரும்லே" என்றார் சித்தி. இருமல் தாங்காமல் புகைபோக்கியையே அடைக்கும் முடிவில் இருந்தார்.

கரி தட்டிப் பார்த்தேன், விறகும் நல்ல காய்ச்சல்தான். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 3 மீட்டர் குழாய். உள்ளே புகை 150 டிகிரி, வெளியே 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான புகை லேசு என்பதால் கிடைக்கும் இழுவை சுமார் 9.5 பாஸ்கல். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் 14 பாஸ்கல். கடற்காற்றுக்கு இதெல்லாம் சாதாரண வேகம்!

புகைபோக்கியின் வாய் மேற்குச் சரிவில், முகட்டைவிடத் தாழ்வாக இருந்தது. முகட்டைத் தாண்டிய கொண்டல் அங்கேதான் சுழன்று இறங்கும். சித்தி முதலிலேயே சொல்லிவிட்டார். நான்தான் அடுப்புக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

குழாயை முகட்டுக்கு மேல் 2 அடி நீட்டினோம். இப்போது காற்று வாயின் குறுக்கே ஓடுகிறது, ஓடும்போது புகையை உறிஞ்சவும் செய்கிறது. சாயங்காலம் அடுப்பு வாயில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை உள்ளே சாய்ந்தது. பலத்த காற்றில் இன்னும் கொஞ்சம் திணறுகிறது. அப்போது மட்டும் கிழக்கு ஜன்னலைத் திறந்து, மேற்குக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.