வல்லாரையும் எலியின் தோலும்

வல்லாரை என்றால் நம் வீடுகளில் பரீட்சைதான் ஞாபகத்துக்கு வரும். ஜொகூர் பாசார்களில் அந்தக் கீரைக்குப் பெயர் ‘பெகாகா’. மலாய்க்காரர்கள் உலாமாகப் பச்சையாகவே தின்பார்கள். ஆய்வுக்கூடங்களில் இந்தக் கீரை பேர் வாங்கியதோ தோல் விஷயத்தில்.

1940களில் மடகாஸ்கரில் இதிலுள்ள ஆசியாட்டிகோசைடைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1996இல் சென்னை அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் எலிப் புண்களில் வல்லாரைச் சாற்றைச் சோதித்தார்கள். செருப்புத் தோல் பதனிடுகிறவர்களுக்குப் புண்ணில் என்ன வேலை? இரண்டுக்கும் பொதுவான கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அவர்களுக்கு அத்துப்படி. 1999இல் லக்னோ விஞ்ஞானிகள் 0.2 விழுக்காட்டு ஆசியாட்டிகோசைடுக் கரைசலைக் கினிப்பன்றிகளின் புண்ணில் இட்டபோது, ஆறிய தோலின் இழுவலிமை 57 விழுக்காடு கூடியிருந்தது.

விலங்குக்கு முன் தட்டுச் சோதனை ஒன்று உண்டு. தோல் செல்களைத் தட்டில் ஒரே படலமாக வளர்த்து, பிப்பெட் நுனியால் நடுவே கோடு கீறுவார்கள். ஒரு தட்டில் சாறு, இன்னொன்றில் கிடையாது. மறுநாள் படமெடுத்தால் எந்த இடைவெளி வேகமாகத் தூர்ந்தது என்று தெரியும். சாறு மிஞ்சினால் செல்களே செத்துப்போகும் என்பதும் இங்கேதான் அம்பலமாகும்.

எலியிடம் ஒரு வில்லங்கம். அதன் தோலுக்கடியில் மெல்லிய தசைப்படலம் ஓடுகிறது. காயம் பட்டதும் அது சுருக்குப்பைபோல் இழுத்து மூடிக்கொள்கிறது. மனிதப் புண் பெரும்பாலும் அப்படி மூடுவதில்லை. அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வரவேண்டும். அதனால் விவரமானவர்கள் புண்ணைச் சுற்றி வளையம் தைத்துத் தோல் சுருங்காமல் தடுத்துவிட்டே மருந்தைப் பூசுகிறார்கள். வளையமில்லாத எலிக் கணக்கைப் பாதிதான் நம்புவேன்.

இலையும் எப்போதும் ஒரே இலையல்ல. மண்ணும் வெயிலும் மாறினால் ஆசியாட்டிகோசைடின் அளவும் மாறும்; தண்ணீரில் இறங்குவது வேறு, ஆல்கஹாலில் இறங்குவது வேறு. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூலிகைச் சாறுகளை ஆராயும் ஆய்வுக்கழகம் இருப்பது வீணல்ல. கடையில் விற்கும் மருந்தின் மேலுள்ள ‘MAL’ என்ற மலேசியப் பதிவெண்ணின் கடைசியில் ‘T’ இருந்தால் பாரம்பரிய மருந்து என்று பொருள். பதிவின்போது தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டிருக்கும்; புண் ஆறியதா என்ற மருத்துவச் சோதனைக்கு அது சான்றல்ல.

மலேசியாவில் 2023 கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ஆறாத கால் புண்ணுக்கு மருந்து தேவைப்படுவது இவர்களுக்குத்தான். ஆனால் தரையில் படரும் கீரையை அரைத்து அந்தக் காலில் அப்பினால், மண்ணிலுள்ள கிருமிகளும் கூடவே போகும்.

தாவரச் சாறு ஒன்று கடைசிவரை தேறியிருக்கிறது. பர்ச் மரப்பட்டைக் களிம்பை, தொட்டாலே தோல் உரியும் பரம்பரை நோய்க்கு ஐரோப்பா 2022இலும் அமெரிக்கா 2023இலும் அனுமதித்தன. 223 பேரிடம் நடந்த சோதனையில், 45 நாளுக்குள் மருந்துக் களிம்பு பூசியவர்களில் 41.3 விழுக்காட்டினருக்குப் புண் மூடியது. சாறில்லாத வெறுங்களிம்பு பூசியவர்களில் 28.9 விழுக்காட்டினருக்கும் மூடியது.