தேரும் காரும்: ஹைப்ரிட் பந்தயக் கார்கள், ஓர் ஒப்பீடு

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

செஞ்சியை அடுத்த எங்கள் மேல்சித்தாமூரில் தேரோட்டம் கண்டவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வடம் பிடிப்போர் கண்களெல்லாம் முன்னே இருக்கும். ஆனால் தேரின் கட்டுப்பாடு சக்கரத்தின் அருகே நடந்து வரும் முட்டுக்கட்டைக்காரர் கையில் இருக்கும். தேர் வேகம் கொண்டால் அவர் கட்டையைச் சக்கரத்தின் அடியில் செலுத்துவார். கட்டை தேயும், சூடேறும், தேர் நிற்கும். அத்தனை பேர் இழுத்து ஊட்டிய ஆற்றல் எங்கே போயிற்று? வெப்பமாகிக் காற்றில் கலந்துவிட்டது. தேர் மீண்டும் நகர வேண்டுமானால் மறுபடியும் எல்லோரும் சேர்ந்து இழுக்கத்தான் வேண்டும்.

அவ்வாறு வீணாகும் ஆற்றலைப் பிடித்து வைத்து, அதைக் கொண்டே தேரை மீண்டும் நகர்த்த முடியுமா? இந்தக் கேள்விக்கு மோட்டார் உலகம் கண்ட விடைதான் ஹைப்ரிட் கார். பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினும் மின் மோட்டாரும் ஒன்றாகப் பணிபுரியும் வண்டி அது. அவ்வகைக் கார்களை 24 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டிச் சோதிக்கும் களமே பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயம். 1923ஆம் ஆண்டு தொடங்கியது இது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற பின், இத்தகைய நெடுநேரப் பந்தயங்களைப் பற்றி நம் மாணவரிடையேயும் பேச்சு மிகுந்துள்ளது.

நம் இயற்பியல் மன்றத்தில், 'சிறந்த ஹைப்ரிட் பந்தயக் கார் எது?' என்ற தலைப்பில் நானும் பேசினேன். 2017ஆம் ஆண்டு லெ மான் தகுதிச் சுற்றில் ஜப்பானின் டொயோட்டா கார் 3 நிமிடம் 14.791 விநாடிகளில் ஒரு சுற்றை முடித்துச் சாதனை படைத்தது. ஆகவே அதுவே சிறந்தது என்று முழங்கினேன். தலைமை வகித்த பேராசிரியர் அமைதியாகக் கேட்டார்: "தம்பி, அந்தக் கார் அந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தது?" எனக்குத் தெரியவில்லை. பின்னர் தேடிப் பார்த்தேன். அந்தக் கார் இரவிலேயே கிளட்ச் பழுதாகிப் பந்தயத்தைவிட்டு விலகியிருந்தது! அன்று விடை கூறாமல் அமர்ந்ததற்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆற்றலைப் பிடிப்பது எப்படி?

சைக்கிள் டைனமோவை நினைவில் கொள்ளுங்கள். அதை டயரோடு சேர்த்தவுடன் விளக்கு எரியும். கூடவே மிதிப்பதும் சற்றுக் கடினமாகும். நம் கால்களின் உழைப்பு மின்சாரமாகிறது. ஹைப்ரிட் காரில் பிரேக் பிடிக்கும்போது மின் மோட்டார் டைனமோவாக மாறுகிறது. சக்கரம் அதைச் சுழற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது, காரின் வேகம் குறைகிறது. மீண்டும் வேகம் வேண்டும்போது அதே மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது.

இதன் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஓட்டுநர், எரிபொருள் உட்பட ஏறக்குறைய 1,000 கிலோகிராம் நிறையுள்ள பந்தயக் கார் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு இறங்குகிறது எனக் கொள்வோம். இயக்க ஆற்றலுக்கான சூத்திரப்படி அது இழப்பது ஏறக்குறைய 3 மெகாஜூல். இவ்விழப்பில் காற்றுத்தடைக்கும் பங்குண்டு. எஞ்சியதில் ஒரு பகுதியைத்தான் மோட்டார் மீட்க முடியும்.

பிடித்த ஆற்றலை எங்கே சேமிப்பது? இந்த இடத்தில்தான் நிறுவனங்களின் வழிகள் பிரிந்தன.

மூன்று பாத்திரங்கள்

ஜெர்மனியின் ஆடி நிறுவனம் 2012இல் சுழற்சக்கரத்தைத் தேர்ந்தது. நம் கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினின் பக்கத்தில் சுழலும் கனத்த சக்கரத்தை அனைவரும் கண்டிருப்போம். எஞ்சினை நிறுத்திய பின்னும் அது சிறிது நேரம் சுழலும். சுழற்சியிலேயே ஆற்றல் தங்கியிருக்கிறது. ஆடி காரில் இருந்தது கார்பன் இழையாலான சிறு சக்கரம். வெற்றிடத்தில் நிமிடத்துக்கு 45,000 முறை வரை சுழலக்கூடியது.

டொயோட்டா தேர்ந்தது மின்தேக்கியை. இது அகன்ற வாயுள்ள சிறிய கொப்பரை போன்றது. மின்னாற்றல் விரைந்து நிறையும், விரைந்து வெளிவரும். ஆனால் கொள்ளளவு குறைவு.

2014இல் களமிறங்கிய போர்ஷே நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைத் தேர்ந்தது. இது குறுகிய வாயும் பெரிய வயிறும் உடைய குடம். மிகுதியாகக் கொள்ளும், ஆனால் விரைவாக ஊற்றி எடுத்தால் சூடேறும். ஆகவே குளிர்விக்கும் ஏற்பாடு இன்றியமையாதது. போர்ஷே பிரேக் ஆற்றலோடு நிற்கவில்லை. புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவைக் கொண்டும் ஒரு சிறு டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்தது.

2012: நல்லதோர் ஆய்வுக்கூடம்

ஆய்வுக்கூடத்தில் ஒன்றை ஒப்பிட வேண்டுமானால் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது நாம் முதலாண்டிலேயே கற்ற பாடம். பந்தயக் களத்தில் அத்தகைய வாய்ப்பு அரிது. 2012 ஜூன் 16, 17 ஆகிய நாள்களில் அது அமைந்தது.

ஆடி நிறுவனம் அன்று நான்கு கார்களை ஓட்டியது. இரண்டு ஹைப்ரிட், இரண்டு ஹைப்ரிட் அல்லாதவை. நான்கிலும் 3.7 லிட்டர் டீசல் எஞ்சின்தான்; உடலமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. முடிவு என்ன? ஹைப்ரிட் கார்கள் 378, 377 சுற்றுகளுடன் முதலிரண்டு இடங்களைப் பெற்றன. ஹைப்ரிட் அல்லாத கார் 375 சுற்றுகளுடன் மூன்றாவதாக வந்தது. லெ மானில் ஹைப்ரிட் கார் பெற்ற முதல் வெற்றி இதுவே. வேறுபாடு மூன்றே சுற்று. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! வழியில் நேர்ந்த மோதல்களும் பழுதுபார்த்த நேரமும் அந்த மூன்று சுற்றுகளுக்குள் அடங்கியுள்ளன.

வேறுபாடு ஏன் இவ்வளவு சிறிது? விதிகளே காரணம். பிரேக் பிடிக்கும் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையே அரை மெகாஜூலுக்கு மேல் மின்னாற்றலைச் செலவிடக் கூடாது என அன்று வரம்பு இருந்தது. நாம் கண்ட 3 மெகாஜூலில் அது ஆறில் ஒரு பங்குதான். மேலும், ஆடி காரைப் போல் முன்சக்கரங்களில் மோட்டார் பொருத்தியவர்கள் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டிய பின்னரே அதைப் பயன்படுத்தலாம். பின்சக்கரங்களில் மோட்டார் வைத்த டொயோட்டாவுக்கு இத்தடை இல்லை. வளைவிலிருந்து வெளிவரும்போதே அது உந்த முடிந்தது. ஆயினும் லெ மானில் அதன் இரு கார்களும் இறுதிவரை ஓடவில்லை. ஒன்று கொடிய விபத்தில் சிக்க, ஓட்டுநர் ஆன்டனி டேவிட்சன் முதுகெலும்பில் காயமுற்றார்; மற்றொன்று எஞ்சின் பழுதால் நின்றது. அதே டொயோட்டா அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆறு மணி நேரப் பந்தயங்கள் மூன்றில் வென்றது. காயமுற்ற டேவிட்சனும் 2014இல் உலகச் சாம்பியனானார்.

ஆறாம் இடத்தில் ஒரு சென்னைக்காரர்

அதே 2012 பந்தயத்தின் முடிவுப் பட்டியலில் ஆறாம் இடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் உண்டு. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்! சோழவரம் விமானத் தளத்தில் பந்தயங்கள் நடத்தியதும், பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் கண்டதும் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அம்மரபில் தோன்றியவர் இவர். 2009இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் லெ மானுக்குச் சென்றார். ஆனால் தொடக்கத்துக்குச் சற்று முன் தோள்மூட்டு விலகியதால் ஓட்ட இயலவில்லை. அவ்வாறு தவறிய வாய்ப்பைக் கருண் நிறைவேற்றினார்.

அவரும் டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக் ஆகியோரும் ஓட்டியது ஜே.ஆர்.எம். என்னும் தனியார் அணியின் கார். ஹோண்டாவின் 3.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மின் மோட்டார் இல்லை. முன்னால் வந்த ஐந்தில் நான்கு, ஒரு பெரும் தொழிற்சாலையின் முழு வலிமையும் பெற்ற ஆடி கார்கள். வெறும் எண்ணாகப் பார்த்தால் ஆறு என்பது ஆறுதான். எதைக் கொண்டு, எவரை எதிர்த்து என்று சேர்த்துப் பார்த்தால் அதன் எடை கூடுகிறதன்றோ?

மிகுந்த மின்சாரம் வென்றதா?

2014இல் விதிகள் மாறின. லெ மானின் ஒரு சுற்றுக்கு 2, 4, 6, 8 மெகாஜூல் என நான்கு படிகள் வகுக்கப்பட்டன. மின்னாற்றல் மிகுதியாக வேண்டுவோர்க்கு எரிபொருள் குறைக்கப்பட்டது. 8 மெகாஜூல் என்பது ஏறக்குறைய 2.2 யூனிட் மின்சாரம். நம் விடுதி மின்விசிறி ஒன்றை 30 மணி நேரம் அதில் சுழற்றலாம். அந்த ஆற்றலை மூன்றரை நிமிடத்துக்குள் பிடித்துச் செலவிடுகிறது ஒரு கார்!

2014இல் போர்ஷேயும் டொயோட்டாவும் 6 மெகாஜூல் படியில் நின்றன. ஆடி 2 மெகாஜூல் படியிலேயே நின்றது. வென்றது எது? குறைந்த மின்னாற்றல் கொண்ட ஆடி. முன்னணியில் சென்ற டொயோட்டா இரவில் மின்கம்பிப் பழுதால் நின்றது. ஆடி கார்களிலும் டர்போ பழுதாயிற்று. ஆனால் பணிமனையில் அதை மாற்றிக்கொண்டு ஓடி முடித்தன. எனினும் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் உலகச் சாம்பியன் பட்டம் டொயோட்டாவுக்கே சென்றது.

2015இல் 8 மெகாஜூல் படிக்கு ஏறிய போர்ஷே 395 சுற்றுகளுடன் வென்றது. மின்னாற்றலே வென்றது என்று இதைக் கொண்டு கூறலாமா? 2016ஐப் பாருங்கள். பந்தயம் முடியச் சில நிமிடங்களே இருக்க, முன்னணியில் இருந்த டொயோட்டா ஆற்றல் இழந்து தளர்ந்தது, போர்ஷே வென்றது. பழுது ஹைப்ரிட் அமைப்பில் இல்லை. டர்போவையும் காற்றைக் குளிர்விக்கும் பகுதியையும் இணைக்கும் குழாயின் ஓர் இணைப்பில் இருந்தது. ஏறக்குறைய 24 மணி நேர உழைப்பை ஒரு சிறு இணைப்பு பறித்தது.

2017 இதைவிட வியப்பானது. போர்ஷே காரின் முன் மோட்டார் பழுதாகி, அதை மாற்ற ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. மற்ற ஹைப்ரிட் கார்களும் அடுத்தடுத்துத் தளர்ந்தன. ஒரு கட்டத்தில் முன்னணியில் ஓடியது ஹைப்ரிட் அல்லாத, இரண்டாம் பிரிவுக் கார்! இறுதியில் போர்ஷே அதை எட்டிப் பிடித்து 367 சுற்றுகளுடன் வென்றது. அந்த எளிய கார் ஒரே சுற்று பின்னால் வந்தது.

வெற்றிகளை எண்ணலாமா?

ஆடி 2016இன் முடிவிலும் போர்ஷே 2017இன் முடிவிலும் விலகின. 2018 முதல் 2022 வரை ஐந்து முறை தொடர்ந்து டொயோட்டா வென்றது. 2018இல் ஹைப்ரிட் அல்லாத எதிரிகளில் முதல்வனைவிட அது 12 சுற்றுகள் முன்னால் இருந்தது. திறமை உண்மை, ஆனால் அன்று அதற்கு நிகரான ஹைப்ரிட் எதிரி இல்லை என்பதும் உண்மை. 2021இல் ஹைப்பர்கார் என்னும் புதிய பிரிவு பிறந்தது. இதில் கார்களின் எடையும் வலிமையும் நடத்துவோரால் சரிசெய்யப்படுகின்றன. இவ்விதியின்கீழ் ஃபெராரி 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் வென்றது.

சுற்றுகளை எண்ணினாலும் ஏமாறுவோம். 2018இல் வென்ற கார் 388 சுற்று ஓடியது; 2024இல் வென்றது 311 சுற்று. பின்னது மட்டமான காரா? இல்லை. அவ்வாண்டு மழை கொட்டியது. நெடுநேரம் பாதுகாப்புக் காரின் பின்னே ஊர்ந்து செல்ல நேர்ந்தது.

முடிவுரை

ஆகவே மாணவ நண்பர்களே, ஹைப்ரிட் கார்களை ஒப்பிடுவோர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு ஆற்றலை மீட்டது? அதற்காக எவ்வளவு எடையையும் சிக்கலையும் சுமந்தது? எந்த விதியில், எவரை எதிர்த்து ஓடியது? பணிமனையில் எவ்வளவு நேரம் நின்றது? இவற்றுள் நான்காவதை நான் மறந்தேன். அதனால்தான் மன்றத்தில் வாயடைத்துப் போனேன். ஓடிய வேகத்தை எல்லோரும் குறித்துவைக்கிறார்கள். நின்ற நேரத்தைக் குறித்துவைப்பவனே ஒப்பிடத் தகுதி பெறுகிறான்.

நம்முள் சிலர் நாளை திருப்பெரும்புதூரிலோ ஒரகடத்திலோ உள்ள கார்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லக்கூடும். எந்தக் கார் சிறந்தது என்ற கேள்வி அப்போது மன்றப் பேச்சாக இராது. நம் கையெழுத்தைக் கேட்கும் சோதனைத் தாளாக இருக்கும். அன்று நான் ஒற்றை எண்ணைக் கண்டு முழங்க மாட்டேன். அடுத்த தேரோட்டத்தின்போதும் வடத்தை மட்டும் பார்த்து நிற்க மாட்டேன். முட்டுக்கட்டைக்காரர் அருகே நின்று, கட்டை எவ்வளவு சூடாயிற்று என்று கேட்பேன்.