சுவரிலிருந்து வரும் கை!

உயிரைத் தொடாது, நடந்து வந்த வழியைப் பறித்துவிடும்

இருண்ட அறை. நான்கு பக்கமும் கல் சுவர். பச்சைச் சட்டை போட்ட ஒரு சிறுவன் வாளும் கேடயமுமாக உள்ளே நுழைகிறான். எதிரி யாரையும் காணோம். நிம்மதியாக, சுவரோரமாகவே அடுத்த கதவை நோக்கி நடக்கிறான்.

திடீரென்று சுவருக்குள்ளிருந்து ஒரு பெரிய கை வெளியே வருகிறது! கையை மட்டும்தான் பார்க்கலாம். அதற்கு உடலும் இல்லை, தலையும் இல்லை. சிறுவனைக் கவ்விப் பிடிக்கிறது. வந்த வேகத்தில் சுவருக்குள் மறைந்துவிடுகிறது.

மறு நொடி சிறுவன் எங்கே நிற்கிறான்? குகையின் வாசலில்! எங்கிருந்து புறப்பட்டானோ, அதே இடத்தில்!

உயிர் போகவில்லை. கையில் இருந்த பொருளும் போகவில்லை. ஆனால் அத்தனை அறைகளையும் மறுபடி நடந்து கடக்க வேண்டும். பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

இந்தக் கைக்கு 'வால்மாஸ்டர்' என்று பெயர். சுவரை ஆளும் எஜமான் என்று வைத்துக்கொள்ளலாம். 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டு வரிசையில் 1986-ம் ஆண்டு முதல் திரும்பத் திரும்பத் தலைகாட்டிவரும் பொறி இது. விளையாடியவர்களைக் கேட்டால், பெரிய பெரிய பூதங்களை மறந்திருப்பார்கள். இந்தக் கையை மறந்திருக்க மாட்டார்கள்.

சீட்டுக் கம்பெனியின் குகை

இந்த விளையாட்டைத் தயாரித்தது நின்டெண்டோ கம்பெனி. ஜப்பானில் கியோட்டோ நகரில் 1889-ல் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. பின்னாளில் பொம்மைக்கும், அதன் பிறகு வீடியோ விளையாட்டுக்கும் வந்தது.

அங்கே வேலை பார்த்த ஷிகேரு மியாமோட்டோ, 1981-ல் 'டாங்கி காங்' என்ற விளையாட்டை உருவாக்கிப் பெயர் வாங்கினார். கடைத்தெருவில் நிற்கும் பெட்டியில் காசு போட்டு ஆடும் விளையாட்டு அது. அதன்பின் அவரும் தகாஷி தெசுகா என்பவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஸெல்டா. 1986 பிப்ரவரி 21-ந் தேதி ஜப்பானில் வெளிவந்தது.

மியாமோட்டோ சிறு வயதில் கியோட்டோவுக்கு வெளியே கிராமப்புறத்தில் வளர்ந்தவர். மலையும் வயலுமாகச் சுற்றித் திரிந்தவர். ஒரு நாள் ஒரு குகையின் வாயைக் கண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த இருட்டும், அந்த ஆசையும், அந்த அச்சமும்தான் ஸெல்டாவின் குகைகள் ஆயின. விளையாட்டில் வரும் வீரச் சிறுவனின் பெயர் லிங்க். ஸெல்டா என்பது அவன் காப்பாற்ற வேண்டிய இளவரசி.

காசுக்குப் பதில் என்ன?

கடைத்தெருப் பெட்டியில் ஆடுபவர் தோற்றால் காசு போயிற்று. ஆட்டம் தொடர வேண்டுமானால் இன்னொரு காசு போட வேண்டும். பயம் வருவதற்கு அதுவே போதும்.

வீட்டில் ஆடும் விளையாட்டில் அந்தப் பயம் ஏது? பெட்டி சொந்தம், தகடும் சொந்தம். போதாக்குறைக்கு, ஸெல்டாவில் இன்னொரு வசதியும் இருந்தது. ஜப்பானில் அது காந்தத் தகட்டில் வந்தது. 1987-ல் அமெரிக்காவுக்குப் போனபோது, சிறு பாட்டரி வைத்த தங்க நிறப் பேழையில் வந்தது. இரண்டிலும் ஆட்டக்காரர் சேர்த்ததை எழுதி வைத்துக்கொள்ளலாம். இன்று அணைத்துவிட்டுப் படுக்கலாம். நாளை சம்பாத்தியம் குறையாமல் தொடரலாம்.

சேர்த்ததைப் பத்திரப்படுத்தித் தரும் விளையாட்டில், ஆட்டக்காரரிடமிருந்து எதைப் பறிப்பது? திறந்த பூட்டு மறுபடி பூட்டிக்கொண்டால் அநியாயம். வாளைப் பிடுங்கிக்கொண்டால் ஆடவே மாட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றுதான்: நேரம்!

சுவரிலிருந்து வரும் கை அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. பகல் முழுவதும் பேரேட்டோடும் இயந்திரத்தோடும் மல்லாடிவிட்டு வந்து, இரவில் ஒரு மணி நேரம் ஆட உட்காருபவருக்கு அந்த அரை மணி நேரத்தின் விலை தெரியும்.

நம்மவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்துப் பரமபதம் ஆடியவர்கள், உச்சிக்கு அருகில் வந்து பெரிய பாம்பின் வாயில் விழுந்ததை மறப்பார்களா? தாதரில் ஏறி அரக்கோணம் வரை வந்தவரை அப்படியே தூக்கித் தாதர் பிளாட்பாரத்திலேயே இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

ஒரு வேறுபாடு உண்டு. பரமபதத்தில் தாயக்கட்டை விழுந்தபடிதான் காய் நகரும். பாம்பிடம் தப்புவது ஆடுபவர் கையில் இல்லை. சுவர்க்கையிடம் தப்ப வழி உண்டு. அந்த வழியைக் கண்டுபிடிப்பதில்தான் விளையாட்டே இருக்கிறது.

ஓரம் ஆகாது!

1986-ம் ஆண்டு விளையாட்டில் இந்தக் கை முதல் குகையிலேயே வந்துவிடுகிறது. அதற்கு ஒரே விதிதான். சுவரை ஒட்டி நடப்பவரைத் தேடி வரும். அறையின் நடுவில் நிற்பவரிடம் வராது. வெளியே வந்த கை சுவரோரமாகச் சற்றுத் தூரம் ஊர்ந்து, மறுபடி சுவருக்குள் போய்விடும்.

எனவே நடுவில் நின்று, ஓரத்தை ஒரு கணம் தொட்டு, கையை வெளியே இழுத்து, வாளால் அடிக்க வேண்டும். எறிந்தால் திரும்பி வரும் பூமராங்கால் அதைச் சிறிது நேரம் திகைத்து நிற்கவும் வைக்கலாம்.

இதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் அதே குகையில் உண்டு. அறையின் மூலைகளில் கூர்முனைக் கட்டைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். லிங்க் அவற்றுக்கு நேர்கோட்டில் வந்துவிட்டால் சீறிப் பாயும். பிறகு மெதுவாகத் தம் இடத்துக்குத் திரும்பும். அவற்றை எந்த ஆயுதத்தாலும் அழிக்க முடியாது.

ஆனால் கூர்முனைக் கட்டை கண்ணுக்குத் தெரிகிறது. சுவர்க்கை தெரிவதில்லை. முதல் முறை அகப்படுபவருக்கு அது வரும் என்றே தெரியாது. விதி இருக்கிறது; அதை முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை! பிடிபட்ட பிறகுதான் பாடம். விளையாடியவர்கள் அந்த நாளில் பல்லைக் கடித்ததில் நியாயம் உண்டு.

முன்னறிவிப்பு வந்தது

1991-ல் வெளிவந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' விளையாட்டில் கை இடம் மாறியது. சுவரை விட்டுக் கூரைக்கு ஏறியது. தலைக்கு மேலிருந்து விழுந்து தூக்கிச் சென்றது. மண்டையோட்டுக் காடு என்ற பகுதியில் இதன் தொல்லை அதிகம்.

ஆனால் இம்முறை சும்மா விழவில்லை. முதலில் ஒரு சத்தம். தரையில் ஒரு நிழல். நின்ற இடத்திலேயே நின்றால் பிடிபடுவார். உடனே நகர்ந்தால் கை வெறுந்தரையில் விழும்; அடிக்கவும் வசதி.

1998-ல் 'ஆக்கரினா ஆஃப் டைம்' வந்தது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் கொண்ட முதல் ஸெல்டா இது. இதில் லிங்க்கைச் சுற்றி ஒரு வட்ட நிழல் தோன்றும். அது பெரிதாகிக்கொண்டே போகும். காதில் ஓர் ஓசை ஏறும். அதோடு, உடன் பறந்து வரும் நாவி என்ற குட்டித் தேவதை, கூரையிலிருந்து வரும் ஆபத்தை நிழலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி முன்கூட்டியே எச்சரிக்கிறாள்.

தண்டனை குறைந்ததா? இல்லை. பிடிபட்டால் அதே வாசல்தான். ஆனால் இப்போது பிடிபட்டவர் விளையாட்டைத் திட்டுவதில்லை. 'நிழலைப் பார்த்தேன், நகராமல் விட்டேன்' என்று தம்மையே நொந்துகொள்கிறார். அதே கை, அதே தூரம், அதே நஷ்டம். கூடியது ஓர் எச்சரிக்கை மட்டும். அதனால் கோபம் தணிந்துவிட்டது. பயம் மட்டும் கூடிவிட்டது!

வேடம் பல

அதே 1998 விளையாட்டில் இதற்கு ஓர் உறவும் பிறந்தது. தரையில் ஊர்ந்து வரும் 'ஃப்ளோர்மாஸ்டர்' அது. அடித்தால் மூன்று சிறு கைகளாகப் பிரிந்துவிடும். அவற்றை விரைந்து முடிக்காவிட்டால் மீண்டும் முழுக் கையாகிவிடும்.

2002-ல் வெளிவந்த 'தி விண்ட் வேக்கர்' விளையாட்டில், தரையிலிருந்து எழும்பும் கை லிங்க்கை மட்டும் பிடிப்பதில்லை. உதவிக்கு வரும் துணையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். தேடிப் போய் மீட்க வேண்டும்.

2006-ல் வந்த 'ட்வைலைட் பிரின்சஸ்' விளையாட்டில் இன்னொரு விதம். ஒளிக்கோளம் ஒன்றை எடுத்துக்கொண்டு லிங்க் அறை அறையாகப் போக வேண்டும். அதைக் காத்து நிற்கும் பெரிய கை பின்னாலேயே துரத்தி வருகிறது. பிடித்துவிட்டால் கோளத்தைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிடும். அம்பு விட்டுத் தடுமாற வைக்கலாம், ஒழிக்க முடியாது. இதிலும் பறிபோவது நடந்த நடைதான்.

2023-ல் வெளிவந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' விளையாட்டில், கருஞ்சிவப்புக் குட்டையிலிருந்து பல கைகள் ஒன்றாக எழுகின்றன. உள்ளங்கையில் கண்! பெயர் வேறு, சாயல் அதே. இது வாசலுக்கு அனுப்புவதில்லை. பரந்து விரிந்த நாட்டில் விருப்பம்போல் திரியும் விளையாட்டில், நடுவழியில் பிடித்தவரை எந்த வாசலில் கொண்டுபோய் விடுவது? எனவே இது உயிரையே உறிஞ்சுகிறது. ஆனால் இதற்கும் முன்னறிவிப்பு உண்டு. சுற்றுப்புறம் சிவக்கும், இசை மாறும். ஓடுவதா, நின்று போராடுவதா என்று முடிவு செய்ய ஆட்டக்காரருக்குச் சில நொடி கிடைக்கும்.

கை சொல்லும் கணக்கு

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக ஒரு வெறும் கை பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பல் இல்லை, விஷம் இல்லை. உழைத்துக் கடந்த தூரத்தை ஒரே பிடியில் இல்லாமல் ஆக்கிவிடும் என்பதுதான் அதன் பலம்.

அதை உருவாக்கியவர்கள் அந்தப் பலத்தை நெடுங்காலம் குறைக்கவில்லை. ஒருவரின் நேரத்தைப் பறிப்பதானால் அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டார்கள். முதலில் மௌனம், பிறகு நிழல், பிறகு ஓசை, பிறகு தேவதையின் சொல். ஒவ்வொரு விளையாட்டிலும் அறிவிப்பு கூடியது. ஆட்டமும் சிறந்தது.

ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று கடைசி மேஜையிலிருந்து முதல் ஜன்னலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். திரும்பி நடப்பதில் வருத்தம் பாதிதான். 'முதலிலேயே சொல்லியிருக்கலாமே!' என்பதுதான் மீதிப் பாதி.

இனி வீட்டில் பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது, 'ஐயோ, மறுபடி முதலிலிருந்தா!' என்று அலறினால், உடனே பெட்டியை அணைக்கச் சொல்லி அதட்ட வேண்டாம். நிழல் விழுந்ததைக் கவனித்தானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.